வியாழக்கிழமை போய்விட்டு வா

அன்புள்ள தம்பிக்கு,

"வலி மாத்திரைப் பழக்கத்தை விட்டு 14 மாசம் ஆச்சுப்பா, நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு கவுன்சிலிங்?" என்று நேற்று போனில் கேட்டாய். நல்லாத்தான் இருக்கிறாய், குரலிலேயே தெரிகிறது. ஆனாலும் எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

முதல் தடவை சிகிச்சை முடிந்து நீ வந்தபோது, இத்தோடு விட்டது என்று நினைத்தேன். மறுபடி எப்போது வரவேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலாம் மாதம் நீ திரும்ப வலி மாத்திரையைத் தொட்டபோது உன்னைத்தான் திட்டினேன். சிகிச்சை முடிந்தவர்களில் 100-க்கு 40 முதல் 60 பேர் வரை மறுபடி வழுக்குகிறார்கள், ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும்கூட ஏறக்குறைய இதே கதைதான் என்று உன் டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பிரஷருக்கு நான் வருஷக்கணக்காக டாக்டரிடம் போகிறேன். என்னை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

உனக்கு வேலை போன மாதம் ஞாபகம் இருக்கிறதா? நீ ஒரு தடவை போகாமல் விட்டாய். அன்று சாயங்காலமே கவுன்சிலர் அம்மா கூப்பிட்டார். மாத்திரை எடுத்தாயா என்று கேட்கவில்லை. "தூக்கம் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார். மூன்று ராத்திரி தூங்கவில்லை என்று நீ அவரிடம் சொன்னாய். மறுநாளே வரச்சொன்னார். அந்த மூன்று ராத்திரியும் நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன் தம்பி. உன் சட்டைப் பையைத் துழாவத் தெரிந்த எனக்கு அந்த ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

மாத்திரை ஏக்கத்தை அடக்க டாக்டர் கொடுக்கிற மருந்து, அந்தப் புப்ரெனார்ஃபினையும் விட்டுவிடலாமா என்றாய். நீயாக விட்டுவிடாதே. நிறுத்துவதானால் டாக்டர் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கட்டும். அதையும் விட்டுவிட்டால், வலி மாத்திரையின் பழைய அளவைத் தாங்கும் சக்தியை உன் உடம்பு இழந்துவிடும். அப்படி இருக்கும்போது அன்று எடுத்த அளவையே ஒருநாள் எடுத்தாலும் மூச்சு நின்றுவிடலாம். இதை எழுதவே கை நடுங்குகிறது.

மாதாமாதம் போவது சிரமம் என்றால் அதை அங்கேயே சொல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளி வைக்கலாமா என்று கேள். 5 வருஷம் தாண்டியவர்கள் திரும்ப விழுவது குறைவாம். அதுவரைக்கும் உன்னைக் கவனிக்க ஒருத்தர் இருக்கட்டும்.

சரி, வியாழக்கிழமை போய்விட்டு வந்து ஒரு போன் போடு. அங்கே என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன். தூங்கினாயா என்று மட்டும் கேட்பேன்.

அப்பா