குடியாத்தம் நண்பனுக்கு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து, மாடிப்படி ஏறும் அளவுக்கு வந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனதற்கு நீ கோபித்துக்கொள்ளாததும் உன் பெருந்தன்மைதான். மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம். விமான நிலையத்தில் வேலை பார்க்கும் உன் மகள் பாப்பாவின் வண்டி விஷயத்தில் நீ கேட்டிருந்த கேள்விக்கு மட்டும் தாமதிக்காமல் பதில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அன்று நடந்ததை நீ எழுதியிருப்பதை வைத்து நான் புரிந்துகொண்டது இதுதான். விடியற்காலை நான்கு மணி ஷிப்டுக்குக் கிளம்பிய குழந்தை, தன் ஸ்கூட்டர் பஞ்சராகி நின்றதைப் பார்த்து, உடன் தங்கியிருக்கும் பெண்ணின் வண்டியை வாங்கிக்கொண்டு போய், வழக்கமாக நிறுத்தும் ஊழியர் நிறுத்தத்திலேயே நிறுத்தியிருக்கிறாள். ஷிப்டு முடியும் நேரத்தில் ஒரு விமானம் தாமதமாகி, கவுண்டரை விட்டு நகரக் கூடாது என்று மேலும் நான்கு மணி நேரம் நிறுத்திவைத்திருக்கிறார்கள். வெளியே வந்து பார்த்தால் வண்டி இருந்த இடம் காலி. வாசலில் இருந்த காவலர், ஊழியர் ஸ்டிக்கர் இல்லாத வண்டி என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றிருக்கிறார். ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பணம் கட்டி மீட்டபோது மட்கார்டு விரிசல் விட்டிருந்தது. “வேலைக்குப் போன பெண்ணைக் குற்றவாளியைப் போல நிற்க வைத்துவிட்டார்களே, இந்த விதி நியாயமா?” என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். விமான நிலையத்தின் தரைப்பணிப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தவன் என்பதால்தான் என்னிடம் கேட்கிறாய் என்று தெரியும். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதே. விமான நிலையத்தில் வண்டியைத் தூக்கும் விதியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2007 ஜூன் 30 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ விமான நிலையத்தில், எரிவாயு சிலிண்டர்களை ஏற்றிய ஒரு ஜீப்பை முனையத்தின் வாசற்கதவிலேயே கொண்டுவந்து மோதித் தீ வைத்தார்கள். வாசலுக்கு முன் நட்டிருந்த தடுப்புத் தூண்கள் அந்த வண்டியை உள்ளே புகவிடாமல் நிறுத்தின. அதன் பிறகு உலகெங்கும் முனையத்தின் முகப்பில் ஆளில்லாமல் நிற்கும் வண்டியை யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பயணியை இறக்கிவிட வந்தவர் இரண்டு நிமிடம் கைப்பெட்டியைத் தூக்கிக்கொடுக்கப் போனாலும் விசில் ஊதுவது அதனால்தான். அந்தக் கண்டிப்பை நான் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன்.

சட்டமும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 127-ஆம் பிரிவில், பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியையும், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய வண்டியையும் அப்புறப்படுத்தவோ சக்கரத்தில் பூட்டுப் போடவோ, அந்த எல்லைக்கு உரிய, சீருடையில் இருக்கும் காவல்துறை அதிகாரி அனுமதி கொடுக்கலாம் என்கிறது. அப்புறப்படுத்தும் செலவு முழுவதும் வண்டிக்காரருடையது. அபராதம் அதற்கு மேல் தனி. 2019 திருத்தத்துக்குப் பிறகு 177-ஆம் பிரிவின் பொதுவான அபராதமே முதல் தவறுக்கு 500 ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 1500 ரூபாய் வரை. இதில் ‘சீருடையில் இருக்கும் காவல்துறை அதிகாரி’ என்ற சொற்களை நீ அடிக்கோடிட்டு வைத்துக்கொள். கிரேன் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தாமாகப் பார்த்துத் தூக்குவதற்கு இந்தப் பிரிவு அதிகாரம் கொடுக்கவில்லை.

அடுத்து, ‘பொது இடம்’ என்ற சொல். பொதுமக்களுக்குச் செல்லும் உரிமை இருக்கிற இடத்தையே அந்தச் சட்டம் பொது இடம் என்கிறது. பாஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் நுழையக்கூடிய, வாசலில் சங்கிலி போட்டிருக்கிற ஊழியர் நிறுத்தம் வேறு வகை. அங்கே பேசுவது நிர்வாகத்தின் விதியும் பாஸின் நிபந்தனையும். 1994-ஆம் ஆண்டின் இந்திய விமான நிலைய ஆணையச் சட்டம், குறித்துவைத்த இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டி நிறுத்துவதைத் தடுத்து விதி செய்யும் அதிகாரத்தை ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே பாப்பா முதலில் செய்ய வேண்டியது, தன் பாஸின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை வரி விடாமல் படிப்பது. பெரும்பாலும் பாஸ் ஆளுக்குக் கொடுத்தது போலத் தோன்றினாலும் வண்டி எண்ணுக்குக் கொடுத்ததாகவே இருக்கும். இரவல் வண்டியில் வந்தால் வாசலில் சொல்லி ஒரு நாள் சீட்டு வாங்க வேண்டும் என்று அதிலேயே இருக்கக்கூடும். அப்படி இருந்து, அவள் வாங்கவில்லை என்றால், அந்த அளவுக்குத் தவறு அவள் பக்கம் என்பதை ஒப்புக்கொண்டே நிர்வாகத்துக்கு மனு எழுத வேண்டும்.

ஆனால் நண்பா, அந்த அளவோடு இந்த விஷயம் முடிந்துவிடுவதில்லை. கவுண்டரில் இருக்கும் பெண்ணின் நிலைமையை நினைத்துப் பார். பணி நேரத்தில் கைப்பேசி அவள் கையில் இருக்காது. நுழைவு அனுமதி அட்டையோடு உள்ளே போனவள் நடுவில் வெளியே வந்தால், திரும்ப உள்ளே போக மறுபடியும் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். எதிரே பயணிகள் தாமதம் ஏன் என்று குரலை உயர்த்திக்கொண்டிருக்கும்போது, வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளால் எழுந்திருக்க முடியுமா? நகர முடியாதபடி ஒருவரை நிர்வாகமே கட்டிவைத்துவிட்டு, நகர்த்தவில்லை என்று அவர் வண்டியைத் தூக்குவதில்தான் அநியாயம் இருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு நிகழ்ச்சியிலிருந்து கற்றேன்.

நான் பணி மேலாளராக இருந்த காலத்தில், ஊழியர் நிறுத்தத்தில் இடம் போதாமல், ஷிப்டு முடிந்த அரை மணி நேரத்துக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டோம். எடுக்காத வண்டிகளின் எண்களை வாசல் காவலர் எழுதிக்கொண்டு வருவார். நான் கையெழுத்திட்டால் கிரேன் வரும். ஒரு ஐப்பசி மாதம், இரவு முழுக்கப் பேய்மழை. இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்ட விமானங்கள் விடியற்காலையில் ஒன்றன் பின் ஒன்றாக வந்து இறங்கின. பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் இரவு ஷிப்டு லோடர்கள் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று வாக்கிடாக்கியில் உத்தரவு போட்டவன் நான். காலை ஏழு மணிக்கு வழக்கம் போல மேசைக்கு வந்த பட்டியலில், மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றபடியே, ஓர் எண்ணைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

பத்து மணிக்கு ஒரு லோடர் என் அறை வாசலில் வந்து நின்றார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நம் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தன் டிவிஎஸ் 50-ஐத் தூக்கிவிட்டார்கள் என்றும், அதன் முன்கொக்கியில் ஒரு பை மாட்டியிருந்தது, பையனுக்கு வாங்கிய நோட்டுப் புத்தகங்கள் அதில் இருக்கின்றன, மழையில் நனைந்திருக்கும் என்றும் சொன்னார். விதி இருக்கிறதே, எடுத்திருக்க வேண்டாமா என்று நான் ஆரம்பித்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “சார், நீங்கதானே நிக்கச் சொன்னீங்க” என்றார்.

அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வண்டிகளைப் போட்டுவைத்திருந்த மைதானத்துக்குப் போனேன். முழங்கால் அளவுத் தண்ணீரில், ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடந்த இருசக்கர வண்டிகளுக்கு நடுவே அவருடையதைத் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆனது. பூட்டியிருந்த ஹேண்டிலோடு இழுத்திருந்ததால் முன்சக்கரம் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. பை கொக்கியிலேயே இருந்தது. நோட்டுகள் ஊதிப் பருத்து, அட்டையின் நீலச் சாயம் பக்கங்களில் எல்லாம் ஊறியிருந்தது. பணத்தை நான் கட்டினேன். சம்பள நாளன்று அதை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த மாற்றம் மிகச் சிறியது. ஷிப்டு நீட்டிக்கப்பட்டவர்களின் பெயரும் வண்டி எண்ணும் உள்ள ஒரு தாளைப் பணி மேலாளர் முதலில் வாசலுக்கு அனுப்ப வேண்டும். காவலர் தம் பட்டியலை அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாதையை மறிக்காத, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத வண்டியாக இருந்தால், தூக்குவதற்கு முன் அந்தப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. இவ்வளவுதான். நான் ஓய்வுபெறும் வரை, வேலையில் இருந்த ஓர் ஊழியரின் வண்டியையும் அதன் பிறகு தூக்கவில்லை. இடம் போதாத குறை அப்படியேதான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

காட்பாடி ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு விடியற்காலை ரயில் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களை நீயும் பார்த்திருப்பாய். ரயில் இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் வண்டி இருக்கும். டோக்கனைப் பார்க்காமலே, இது யாருடையது, எத்தனை மணி வண்டியில் வருவார் என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். இடம் நெருக்கினால் அவர்களே கையால் தள்ளி நகர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். வருகிற மனிதரைத் தெரிந்து வைத்திருப்பதனால் நடக்கிற காரியம் இது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் விமான நிலையத்தில் அப்படி முகம் தெரிந்து வைத்திருக்க முடியாது என்பார்கள். முகத்துக்குப் பதிலாகத்தான் பணிப்பட்டியல் இருக்கிறதே! அதை எடுத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

போன வாரம் அப்துல்லாபுரம் பக்கம் போயிருந்தேன். சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்த நம் ஊர் விமான நிலையத்தைச் சாலையிலிருந்தே பார்த்தபோது எனக்கு வேறொரு கவலை வந்தது. ஊழியர் நிறுத்தம் என்றாலே எல்லா இடத்திலும் கடைக்கோடியில், நிழலே இல்லாத ஒரு மூலையைத்தான் ஒதுக்குகிறார்கள். வேலூர் வெயிலில், சித்திரை மாதத்தில், மதியம் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து வருகிறவர் அந்த சீட்டில் எப்படி உட்காருவார்? பின்னால் இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சாலை ஓரத்தில் நிறுத்துவார்கள்; பிறகு கிரேன்தான் வரும். தகரக் கூரையோடு ஒரு நிறுத்தம், அதிகாலை ஷிப்டுக்கு ஏற்ற ஒரு டவுன் பஸ், இந்த இரண்டையும் முன்கூட்டியே கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீயும் கையெழுத்துப் போட வேண்டும்.

பாப்பாவுக்கு வருகிறேன். பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல். அதில் தேதி, நேரம், எந்த இடத்திலிருந்து தூக்கினார்கள், யார் உத்தரவு என்ற நான்கும் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் அதையே மனுவில் முதல் வரியாக எழுத வேண்டும். மட்கார்டு விரிசலைப் படம் எடுத்திருந்தால் நல்லது. இரவல் வண்டி என்பதால், அதன் பதிவுப் புத்தகத்தின் நகலையும், தோழி தன் கைப்பட எழுதிய ஒரு வரிக் கடிதத்தையும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், அன்று நான்கு மணி நேரம் நீட்டித்த பணிப்பதிவின் நகல். அதை வாங்காமல் மனுவைக் கொடுக்க வேண்டாம். சண்டை போடும் தொனியே கூடாது. ஸ்டிக்கர் விஷயத்தில் தன் பிழையை முதலில் சொல்லிவிட்டு, ஷிப்டு நீட்டித்தவர்களின் பட்டியலை வாசலுக்கு அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கட்டும். ஒரு வண்டிக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அந்தத் தாள் வந்துவிட்டால் அவளோடு வேலை செய்யும் அத்தனை பேருக்கும் அது உதவும்.

பாப்பாவுக்காக நான் எழுதிய மனுவின் மாதிரி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். தேதிக்கும் ஷிப்டு நேரத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். அவள் கையெழுத்தில் நிரப்பினால் போதும். ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்கு வந்தால் இருவரும் கிளம்பி வாருங்கள். புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியதும் போன் செய், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். பெரியப்பா கேட்டதாகச் சொல்லி, பாஸையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்.

உன் பழைய வகுப்புத் தோழன்