சராசரி வேகம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணகுடி, ராதாபுரம் பக்கம் பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டு உயரமானவற்றை நிறுத்தும் பேச்சு, 2024-இல் மாநில அரசு புதுப்பிப்புக் கொள்கையை வெளியிட்டதிலிருந்து ஓயவில்லை. நிலம் கொடுப்பவர்களுக்குக் காட்டும் அறிக்கையில் காற்றின் சராசரி வேகம் கொட்டை எழுத்தில் இருக்கும். இறக்கையையும் கியர்பாக்ஸையும் தேய்க்கிற கொந்தளிப்போ, அதாவது வேகத்தின் திடீர் ஏற்ற இறக்கமோ, கடைசிப் பக்கத்தில் ஒற்றை எண்ணாகக் கிடக்கும்.

10 நிமிட வேகத்தின் திட்டவிலக்கத்தை (சராசரியிலிருந்து வேகம் எவ்வளவு விலகுகிறது என்ற அளவை) அந்தச் சராசரியால் வகுத்தால் அந்த எண் வரும். நொடிக்கு 15 மீட்டர் காற்றில் விலக்கம் 2.1 என்றால் 14 சதவீதம். சர்வதேசத் தரத்தில், தாங்கும் கொந்தளிப்பை வைத்து ஆலைகளின் ஏ, பி, சி வகைகள் இதே 15 மீட்டர் வேகத்தில் 16, 14, 12 சதவீதம் என்று பிரிகின்றன. ஆகவே இரண்டு சதவீதப் பிழையே தவறான ஆலையை வாங்க வைத்துவிடும்.

இப்போது காற்றளக்கும் கோபுரத்துக்குப் பதில் தரையில் லைடார் பெட்டியை வைக்கிறார்கள். தூசியில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து அது வேகத்தைக் கணிக்கிறது. சமவெளியில் சராசரி நன்றாகவே வரும். கொந்தளிப்பில்தான் சிக்கல். பரவலாக உள்ள ஒரு வகையில் நான்கு கதிர்கள் செங்குத்திலிருந்து 28 டிகிரி சாய்ந்தும், ஒன்று நேர் மேலேயும் போகின்றன. 100 மீட்டர் உயரத்தில் எதிரெதிர்க் கதிர்களுக்கு நடுவே 106 மீட்டர் இடைவெளி. அவ்வளவு அகலத்துக்கும் ஒரே காற்று என்றுதான் கணக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வரும் காற்று மலையடியில் அப்படியா இருக்கிறது? ஒரு கதிரில் எழும், எதிர்க்கதிரில் அமுங்கும். அது பொய்க் கொந்தளிப்பாகச் சேரும். கதிர் நெடுக ஏறக்குறைய 20 மீட்டருக்குச் சராசரி எடுப்பதால் சிறு சுழல்கள் மறையும். கூடுதலும் குறைவும் ஈடாகி எண் சரிபோலத் தெரிவதுதான் பெரிய ஏமாற்று.

அம்மியும் பறக்கும் ஆடியில் தேரிச் செம்மண் லைடாரின் கண்ணாடியில் படியும். உப்புத் தண்ணீரில் துடைத்தால் வெள்ளைப் படலம் மிஞ்சும், நல்ல தண்ணீரும் மெல்லிய துணியும் வேண்டும். சாரலில் செங்குத்துக் கதிர் துளி விழும் வேகத்தையே காற்றென்று எழுதிவிடும். மழை விட்டதும் தூசி அடங்கி, மேல் உயரங்களில் சமிக்ஞை வற்றும்.

ஆகவே கிண்ணக் காற்றுமானி உள்ள கோபுரத்தின் அருகே, ஒரே உயரத்தில், ஆனி முதல் ஆவணி வரையாவது லைடாரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கழித்துவிட்ட 10 நிமிடப் பதிவுகள் எத்தனை, ஏன் என்பதையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லி நிலக்காரர்கள் கையெழுத்துக்கு முன்பே கேட்கலாம்.

இப்படிக்கு,
காற்றளவீட்டுப் பணியாளர்கள் சிலர்,
வள்ளியூர்.