ஞாயிறு தரப் பயிற்சி: மேனேஜர்கள் எல்லாரும் வரணும்

வணக்கம் நண்பர்களே. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஃப்ளோர் மேனேஜர், புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கும் நம் செட்டு ஆட்களுக்குத் தர மேலாண்மைப் பயிற்சியை மறுபடி நடத்துகிறோம். வரும் ஞாயிறு, 15ஆம் தேதி, காலை 10 முதல் 1 மணி வரை, நம் கல்லூரி செமினார் ஹாலில்.

போன வருஷமே பயிற்சி முடித்தோம், சரி, ஆனால் அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. போன மாதம் நான் வேலை பார்க்கும் இடத்தில் 3,000 டி-ஷர்ட் லாட்டில் 125 பீஸ் எடுத்துப் பார்த்தார்கள். ஏக்யூஎல் (லாட்டில் எவ்வளவு பழுது வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5-இல் 7 பழுது வரைதான் பாஸ், எங்களுக்கு 11. அதில் பத்து, கை மடிப்பில் தையல் விட்டது, எல்லாம் ஒரே ஃப்ளாட்லாக் மெஷினில் இருந்து, முனை மழுங்கிய ஊசியை இரண்டு நாளாக மாற்றவே இல்லை. லைன் ஷீட்டில் செக் பண்ணியதாக மணிக்கு மணி டிக் இருந்தது, கீழே என் கையெழுத்தும் இருந்தது. எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

1. உங்கள் லைனின் போன வார செக்கிங் ரிப்போர்ட்டைக் கொண்டு வாருங்கள். பையர், கம்பெனி பெயர்களை மறைத்துவிடுங்கள்.
2. துணி செக்கிங்குக்கான நான்கு புள்ளி முறையைப் பார்த்துவிட்டு வாருங்கள்: பழுதின் நீளம் 3 இன்ச் வரை 1 புள்ளி, 9 இன்ச்சுக்கு மேல் 4.
3. சூப்பர்வைசர் ஒருவரையாவது கூட்டி வாருங்கள். நாள் முழுக்க டெய்லர் பக்கத்தில் நிற்பது அவர்கள்தான்.
4. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே போடுங்கள், சாப்பாடு சொல்லணும்.

ஷிப்மெண்ட் இருந்து வர முடியாதவர்களும் பதில் போடுங்கள், ஐந்தாறு பேர் சேர்ந்தால் அடுத்த ஞாயிறு இன்னொரு முறை வைக்கலாம்.