பன்றிக்கு வைக்கும் கண்ணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) மறுநடவு நடக்கும் தோட்டங்களின் காட்டோரத்தில் கம்பிக் கண்ணி வைக்கும் வழக்கம் இன்னும் விட்டபாடில்லை. மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கேபிள், வளைத்துக் கட்டிய ஓர் இளமரம், இலை போட்டு மூடிய சிறு குழி. வேலை முடிந்தது. வைப்பவர் பன்றிக்கென்றுதான் வைக்கிறார். கம்பிக்குத் தெரியுமா அது பன்றிக் காலா, தாப்பிர் என்னும் காட்டு விலங்கின் காலா, புலிக் காலா என்று?

1950களில் மலேசியத் தீபகற்பத்தில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாகக் கணிப்பு. இன்று 150க்கும் குறைவு. காடழிப்பையும் கள்ள வேட்டையையும் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றுகொண்டு நம்மால் நிறுத்த முடியாது, கண்ணியை நிறுத்தலாம். பெண்புலி குட்டி போடுவது 2 ஆண்டுக்கு ஒருமுறை, சில சமயம் அதற்கும் மேலாகும். 2 அல்லது 3 குட்டிகள். அதிலும் பல தேறாது. பன்றி இழப்பை ஓரிரு ஈற்றிலேயே ஈடுகட்டிவிடும், புலியால் முடியாது. சுமத்ராக் காண்டாமிருகத்தின் கதை கண்முன்னே இருக்கிறது. நம் நாட்டில் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தபின் பராமரிப்பு நிலையத்தில் வைத்துப் பார்த்தும் இனம் பெருகவில்லை. 2019 நவம்பரில் சபாவில் ஈமான் என்ற கடைசிக் காண்டாமிருகம் இறந்தது. மலேசியாவில் அந்த இனம் முடிந்தது.

கண்ணிக் கம்பி இழுக்க இழுக்க இறுகும். அறுத்துக்கொண்டு ஓடினாலும் சுருக்கு காலிலேயே இருக்கும். இரத்த ஓட்டம் நின்று பாதம் அழுகும். மூன்று காலில் மானைத் துரத்த முடியாத புலி எங்கே வரும்? தொழிலாளர் குடியிருப்பான லயத்து மாட்டையும் நாயையும் தேடித்தான்.

பன்றித் தொல்லை பொய்யில்லை. நட்ட முதல் 2, 3 ஆண்டுகளில் அடியைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டால் அந்தக் கன்று போனதுதான். ஆனால் பன்றியைக் கூப்பிடுவதே தரையில் கிடக்கும் உதிரிப் பழம். பக்கத்துக் காய்ப்பு மரங்களில் அறுவடைச் சுற்று 10 நாளிலிருந்து 20 நாளாக இழுத்தால் உதிரி குவியும். குலையை மட்டும் ஏற்றிவிட்டு உதிரியைப் பொறுக்காமல் விட்டால், எத்தனை கண்ணி வைத்தாலும் இரவில் பன்றி வரும்.

கன்றைச் சுற்றிக் கம்பி வலை வளையம் போடலாம். கோழிக் கூண்டு வலை வேண்டாம், பன்றி மூக்காலேயே மடக்கிவிடும். கெட்டியான பற்றவைத்த வலையை வளையமாக்கி, குச்சியடித்து நிறுத்த வேண்டும். மட்டை விரிய விரிய வளையத்தையும் பெரிதாக்காவிட்டால் மட்டை மடங்கும்.

சூரிய மின்வேலி என்றால் அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓட வேண்டும். அதைவிட உயர்ந்தால் பன்றி அடியில் நுழையும். வேலி செத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் இயந்திரமல்ல, லாலாங் புல்தான். புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். வேலியடியை அடிக்கடி வெட்ட வேண்டும். எர்த் கம்பி ஒன்று போதாது, குறைந்தது மூன்று வேண்டும். வறண்ட மண்ணில் அதுவும் தடுமாறும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். பன்றிக்கு முன் அவ்வழியே ரப்பர் பால்வெட்டப் போகிறவர் விழுவார்.

காட்டோரத்தில் வெட்டிய குச்சிகள் முழங்கால் உயரத்துக்கு வேலிபோல் அடுக்கியிருந்து, நடுநடுவே வழி விட்டிருந்தால், அந்த ஒவ்வொரு வழியிலும் கண்ணி இருக்கும். ஒன்றைக் கண்டால் அதோடு திரும்பிவிட வேண்டாம், வரிசை நீளும். வளைத்த மரம் விசையோடு எகிறி முகத்தில் அடிக்கும், ஆகவே கையால் தொடக்கூடாது. படமெடுத்து, கைப்பேசியில் இடத்தைக் குறித்து, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு அனுப்புங்கள். விலங்கு உயிரோடு சிக்கியிருந்தால் கூட்டம் கூடவிடாதீர்கள். மனிதர் நெருங்க நெருங்க அது மேலும் இழுக்கும், கம்பி எலும்புவரை இறங்கும். மயக்க ஊசியோடு அவர்கள் வரட்டும்.

2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். பன்றியைச் சுட உரிமம் வாங்கலாம். கண்ணிக்கு உரிமம் கிடையாது. மறுநடவுச் செலவுக் கணக்கில் கன்றுக்கும் உரத்துக்கும் எழுதும் நிர்வாகங்கள் வலைக்கும் ஒரு வரி எழுதட்டும். அந்த வரி இல்லாத தோட்டத்தில்தான் பிரேக் கேபிள் காட்டோரம் போகிறது.

செம்பனைத் தோட்டப் பணியாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேரா