ஊருக்குச் செய்முறை செய்த எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு பணம் அனுப்பிய தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

கீழே பேரூராட்சி அலுவலகம், மேலே படிப்பகம் என்று நாம் கட்டப்போகிற கட்டடத்துக்கு நேற்று சாயங்காலம் பணி ஆணை கைக்கு வந்துவிட்டது. செயல் அலுவலர் கூப்பிட்டுக் காட்டினார். முதல் பக்கத்துக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. ஒரு ஜெராக்ஸ் எடுத்து வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன், இன்னும் எடுக்கவில்லை. இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். நாலு நாள் தள்ளிப் போட்டால் நன்றி சொல்வதும் ஒரு வேலையாகிவிடும்.

மார்ச் மாதத்துக் கடைசிப் பத்து நாள் எப்படிப் போனது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். யார் என்ன சொன்னார்கள், எந்த மேஜையில் ஃபைல் எத்தனை நாள் நின்றது என்பதையெல்லாம் மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. 31-ஆம் தேதி தாண்டியிருந்தால் பணம் திரும்பிப் போயிருக்கும். தாண்டவில்லை. அது போதும்.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பணம் எதுவும் தரவில்லை. இந்தக் கட்டடத்துக்காக நாம் எழுதிய மொய் நோட்டில் அவர் பெயர் இருக்கிறது, தொகை இல்லை. ஏன் அப்படி என்று நிறையப் பேர் கேட்டீர்கள்.

ஓடைப் புறம்போக்கில் கட்டடம் வருகிறது என்று மனு போனதும் எல்லாம் நின்றுவிட்டது. நிற்கத்தான் செய்யும். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அரசுக் கட்டடமே ஆனாலும் கட்டக் கூடாது என்று நீதிமன்றம் எத்தனையோ முறை சொல்லிவிட்டது. நம் இடம் வேறு, ஓடை வேறு என்று அ-பதிவேட்டில், அதாவது கிராம நிலக் கணக்கில், தனித்தனி உட்பிரிவாகத்தான் இருக்கிறது. ஆனால் தரையில் எது எங்கே முடிகிறது என்று காட்ட எல்லைக் கல் வேண்டுமே? மூன்று கல் இருக்க வேண்டிய இடத்தில் கிடைத்தது ஒன்றுதான். ஒரு கல்லை வைத்துக்கொண்டு எந்த சர்வேயரும் கோடு போட மாட்டார். தாலுகாவிலிருந்து வந்தவர் இரண்டு நாள் அந்தக் கருவேலங்காட்டுக்குள் முள் கிழிக்கக் கிழிக்கத் தேடினார். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். அளவை 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்தது. அப்போது நட்ட கல். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எத்தனை லோடு மண் அடித்திருக்கிறோம், ரோட்டை எத்தனை தடவை உயர்த்தியிருக்கிறோம்!

வியாழக்கிழமை ராத்திரி பஸ் ஸ்டாண்டு டீக்கடை வாசலில் நின்று என் வீட்டுக்காரரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். "கல்லு கிடைக்கலைங்க, இனிமே ஒண்ணும் செய்ய முடியாது"ன்னு சொல்லும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த சைக்கிள் ஸ்டாண்டு பெரியவர், டோக்கன் கொடுப்பாரே அவர்தான், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எந்தக் கல்லு தாயி? ஓடைக் கல்லா?"

"ஆமாங்க பெரியப்பா."

"அதை நட்டப்ப சங்கிலி பிடிச்சது நாந்தான்."

பத்து வருசமாக அவரிடம் வண்டி விட்டிருக்கிறேன். சர்வே டிபார்ட்மெண்டில் அளவுச் சங்கிலி பிடிக்கிற செயின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கேட்டதே இல்லை. டோக்கனை வாங்கினோம், காசைக் கொடுத்தோம், வந்தோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்னாலேயே வந்து நின்றார். தோளில் கடப்பாரை, தலையில் துண்டு. எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி வேறு. நான் வரைபடத்தை விரித்தேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளையார் கோயில் கடைசிப் படியில் ஏறி நின்றுகொண்டு, எதிரே பழைய ரைஸ்மில்லின் புகைக்கூண்டைப் பார்த்தார். மில் போய் எத்தனையோ வருசம் ஆகிவிட்டது, புகைக்கூண்டு மட்டும் நிற்கிறது. அந்த நேருக்கு நடக்க ஆரம்பித்தார். காலடியை எண்ணுவது உதட்டில் தெரிந்தது, சத்தம் வரவில்லை. நடுவில் நான் ஏதோ கேட்டதற்குக் கையைக் காட்டி நிறுத்தினார். கணக்குத் தப்பிவிடக் கூடாதாம்.

ஒரு கருவேல மரத்தடியில் நின்று கடப்பாரையால் தட்டினார். மண் சத்தம். ஓரடி தள்ளித் தட்டினார். இன்னொரு அடி. ஒரு இடத்தில் 'ணங்' என்றது. தோண்டினால் உடைந்த சிமெண்ட் குழாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி படிக்குப் போய் முதலிலிருந்து நடந்து வந்தார். இந்தத் தடவை நின்ற இடம் முன்னதற்கு இடது பக்கம் மூன்றடி. தட்டிய சத்தம் எனக்கே வேறு மாதிரி கேட்டது. குந்தி உட்கார்ந்து கையாலேயே மண்ணை அள்ளினார். இரண்டடி ஆழம் இருக்கும். கறுப்பாக ஒரு தலை தெரிந்தது. என் பாட்டிலை வாங்கித் தண்ணீர் ஊற்றித் துண்டால் துடைத்தார். உளியால் கொத்திய குறி புத்தம் புதிதாக இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"இருக்கான் பாருங்க," என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து, நாம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்குப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "சந்தோசப்படாதீங்க தாயி. கல்லு இங்கன இருக்குன்னா ஓடை உங்க கோட்டுக்குள்ள வருது. பின்சுவரு பூராவும் ஓடையிலதான் நிக்கும்."

ஏழடி. பின்பக்கக் கழிப்பறையும் மாடிப்படியின் மூலையும் ஓடைக்குள் இருந்தன. ஒரு நிமிடம், இந்தக் கல் கிடைக்காமலே இருந்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது. அதை மறைத்துவிட்டு நன்றி சொன்னால் அந்த நன்றி முழுசாகாது, அதனால் எழுதுகிறேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நான் சர்வேயருக்குப் போன் போட்டேன். மத்தியானம் அவர் கருவியோடு வந்து, கிடைத்த இரண்டு கல்லையும் வைத்து மூன்றாவது இடத்தைக் குறித்தார். பெரியவர் சொன்ன ஏழடி சரியாக இருந்தது.

சாயங்காலம் 500 ரூபாய் நோட்டு ஒன்றை மடித்து அவர் கையில் வைக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

"இது எஞ் செய்முறை தாயி. நோட்டுல எழுதணும்னா பேரை எழுதிக்கங்க. ரூவா போடாதீங்க."

இந்தக் கடிதத்தில் பேர் வேண்டாம் என்றும் அவர்தான் சொன்னார். நோட்டில் இருப்பது போதுமாம்.

நம் பக்கத்தில் மொய் எழுதாத வீடு கிடையாது. யார் வீட்டு விசேசத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்று தாத்தா காலத்து நோட்டைக்கூடப் பத்திரமாக வைத்திருப்போம். வந்த செய்முறையைத் திருப்பிச் செய்யாவிட்டால் தூக்கம் வராது. ஊருக்கு என்று ஒரு நோட்டு போட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மண்டபத்து வாசலில் மேஜை போட்டு, தாம்பாளம் வைத்து, வெற்றிலை பாக்கு வைத்து எழுதலாம் என்று யோசனை சொன்ன மகளிர் குழு அக்காக்களுக்கு முதல் நன்றி. உண்டியல் வைத்திருந்தால் பாதிகூடச் சேர்ந்திருக்காது. கமிஷன் கடைக்காரர்கள், கொடிக்கால் விவசாயிகள், ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள், ஒருநாள் சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து வைத்த தூய்மைப் பணியாளர்கள், பேர் சொல்லாமல் 10,000 வைத்துவிட்டுப் போன அந்த டீச்சரம்மா, எல்லோருக்கும் நன்றி. ராத்திரி ஒரு மணி வரை கடையைத் திறந்து வைத்திருந்த ஜெராக்ஸ் அண்ணனுக்கு நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தூங்காமல் வரைபடத்தை மாற்றிப் போட்ட இன்ஜினியர் சாருக்கும், அவரோடு உட்கார்ந்த சிவில் படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைக்கும் நன்றி. கழிப்பறையை முன்பக்கம் கொண்டுவந்தது அந்தப் பிள்ளையின் யோசனை. பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற பெண்களுக்கும் அது உதவும் என்று அவள் சொன்னபோது, எங்களில் ஒருவருக்கும் இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று இருந்தது.

மனு போட்டவருக்கும் நன்றி. இதை வருத்தத்தோடு எழுதவில்லை, மனசாரத்தான் எழுதுகிறேன். அவர் சொன்னதில் ஏழடி உண்மை இருந்தது. அன்றைக்கு அவரைப் பற்றி நான் பேசிய பேச்சுக்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

பணக் கணக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. கீழ்த்தளம் பேரூராட்சி அலுவலகம், அது அரசு நிதி. மேல்தளம் பிள்ளைகளுக்கான படிப்பகம், அது 'நமக்கு நாமே' திட்டம். 1997-98-இல் தொடங்கி, நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-இல் மறுபடி பழைய பெயரிலேயே வந்த திட்டம் அது. எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்கை நாம் முதலில் கட்டினால்தான் மீதியை அரசு போடும். கட்டடம் என்றால் செங்கல்லில் தொடங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2022 பிப்ரவரித் தேர்தலில் ஜெயித்து வந்த பிறகுதான் தெரிந்தது. மன்றத் தீர்மானம், நிலச் சான்று, மண் பரிசோதனை, எஸ்டிமேட், தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, டெண்டர் என்று ஒவ்வொன்றும் ஒரு படி. ஒன்றில் கால் வழுக்கினால் திரும்பவும் கீழேயிருந்துதான் ஏற வேண்டும்.

மேலே படிப்பகம் எதற்கு, கல்யாண மண்டபம் கட்டினால் வருமானம் வருமே என்று சிலர் கேட்டீர்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி என்று இருக்கும். 1948-ஆம் வருசத்துச் சட்டத்தில் வந்தது அது, சுதந்திரம் அடைந்த மறுவருசமே. நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து கட்டி வருகிறோம். 2023 ஜூலையில் மதுரை புதுநத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். குரூப் 4-க்குப் படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலை முதல் பஸ் பிடித்து அங்கே போய் உட்கார்ந்து படித்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். போக வர பஸ்ஸிலேயே பாதித் தெம்பு போய்விடுகிறது. பொம்பளைப் பிள்ளை என்றால் எத்தனை வீட்டில் அனுப்புவார்கள்? அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் மன்றத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். பிடிவாதக்காரி என்று சொன்னவர்களும் கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கும் நன்றி.

இன்னொன்றும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மதுரையில் 2024 அக்டோபரில் செல்லூர்க் கண்மாய்த் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்ததை டி.வி.யில் பார்த்தோம். என் சித்தி வீடு அங்கேதான். கட்டிலின்மேல் அடுப்பை ஏற்றி வைத்து கஞ்சி காய்ச்சினாள். அந்த ஏழடியில் நாம் சுவர் எழுப்பியிருந்தால் நம்ம ஊரிலும் ஒரு மழைக்கு யாரோ ஒரு சித்தி அப்படிக் காய்ச்சியிருப்பாள். அதற்குப் பேரூராட்சிக் கட்டடமே காரணமாக இருந்திருக்கும். என் வார்டில் நான் இருக்கிற வரைக்கும் கல்லைப் பார்க்காமல் எந்த வேலைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். இது பிள்ளையார் கோயில் படியில் நின்று சொன்ன வார்த்தை. புரட்டாசி முடிவதற்குள் அந்த ஓடையைக் கருவேலம் இல்லாமல் வெட்டிச் சுத்தம் செய்ய மன்றத்தில் தீர்மானம் கொண்டுவருகிறேன். வெட்டுக்கு ஆள் வேண்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வானம் தோண்டுவது வளர்பிறையில். தேதி குறித்ததும் சொல்கிறேன். முதல் செங்கல்லை யார் எடுத்து வைப்பது என்று இனிமேல் பேச்சு வேண்டாம். அதற்கு ஆள் முடிவாகிவிட்டது, அவர் ஒப்புக்கொள்வாரா என்பதுதான் பாக்கி. நேற்று ராத்திரி கேட்டேன். சைக்கிள் ஸ்டாண்டை யார் பார்த்துக்கொள்வது என்கிறார். ஒரு காலைப்பொழுது அங்கே உட்கார்ந்து டோக்கன் கொடுக்க ஆட்டோத் தம்பிகள் யாராவது முன்வர வேண்டும்.

மொய் நோட்டு அலுவலகத்தில் முன் மேஜையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். பேர் விட்டுப் போயிருந்தால் ஜூன் மாதத்துக்குள் சொல்லுங்கள்.

அந்த ஓடைக் கல்லைச் சுற்றி மண்ணை அள்ளிவிட்டு, செங்கல் கட்டி, வெள்ளை அடித்து வைத்திருக்கிறோம். சந்தை நாளில் அந்தப் பக்கம் வண்டி விடுகிறவர்கள் பார்த்து விடுங்கள். நேற்றே ஒரு டிராக்டர் சக்கரம் உரசிவிட்டுப் போயிருக்கிறது.

நன்றியுடன்,
உங்கள் வார்டு உறுப்பினர்