காசும் கேஷும்

அன்பின் யோகன்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். வெள்ளாமை வெட்டு முடிந்தது, வழமைபோல நெல்லு விலையும் அதோடயே இறங்கிவிட்டது. பின்னேரத்தில் கல்லடிக் கடற்கரைப் பக்கம் போனால்தான் கொஞ்சம் காற்று.

உன்ட விசயத்துக்கு வாறன். 'இங்கிலீசுக்காரன் சொல்லுற கேஷ் எங்கட காசுதான்' என்று பேரப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தாய். பாதிதான் சரி மச்சான். வங்கியில் 'காசாளர்' பலகைக்குப் பின்னால் காலத்தைக் கழித்த எனக்கும் இதை விட்டுக்கொடுக்க மனமில்லை. என்ன செய்வது?

நீ கடையில் எண்ணிக் கொடுக்கிற கேஷ் லத்தீன் 'கப்சா'வின் வழியில் வந்தது. பெட்டி என்று கருத்து. இத்தாலிக்காரன் அதைக் 'காஸ்ஸா' என்றான், பிரெஞ்சுக்காரன் 'கெஸ்' என்றான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலீசுக்குப் போனபோது காசுப்பெட்டிக்கும் அதுதான் பெயர், உள்ளே கிடந்த காசுக்கும் அதுதான் பெயர். மறுகா பெட்டி மறந்துபோய், காசு மட்டும் மிஞ்சியது. நீ விழுங்குகிற கெப்சியூல் குளிசையும் அதே கப்சாவின் பிள்ளைதான். 'சின்னப் பெட்டி' என்று அர்த்தம்.

மற்றப் பாதிதான் எனக்குப் பிடித்தது. இங்கிலீசில் கேஷ் என்று இரண்டாவது சொல்லும் ஒன்று கிடக்கு. சின்னப் பெறுமதி நாணயம், முக்கியமாக நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசு. அந்தக் கேஷ் சந்தேகமில்லாமல் எங்கட காசு! தமிழரிடம் கேட்ட சொல்லைப் போர்த்துக்கேயர் 'கய்ஷா' என்று எழுதிவைத்தார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் 'கய்ஷா'தான், அதுவும் கப்சாவிலிருந்து வந்தது. குழப்பத்துக்கு வேறென்ன வேண்டும்? 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டின அதே ஆட்கள்தான். போர்த்துக்கேயர் வழிவந்த எங்கட ஊர்ப் பறங்கியர் வீடுகளில் அந்தப் பேச்சின் மிச்சம் இன்னும் இருக்கு.

'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார், சோழர் கல்வெட்டில் ஈழக்காசும் இருக்கு, அப்ப எங்கடதானே மூத்தது என்று நீ சண்டைக்கு வருவாய். மூத்ததுதான். அதுக்காக மற்றதை இது பெற்றது என்று ஆகாது. ஒலி ஒத்துப்போனால் உறவு என்றால் ஊரில் பாதிப்பேர் எனக்குச் சொந்தம்!

கிழக்கிந்தியக் கும்பனிக்காரன் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு எழுதினான். 1818 வரைக்கும் அந்தக் கணக்குத்தான். அப்படிக் கணக்கு வைக்கிற காசாளன் இரவில் எப்படி நித்திரை கொண்டானோ! அதற்காக இங்கிலாந்திலேயே 'இருபது கேஷ்' என்று செப்புக்காசு அடித்துக் கப்பலேற்றினார்கள். அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1808ஆம் ஆண்டுக் காசுகளோடு சென்னைக்குப் புறப்பட்டு, 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் தாண்டுபோனது. பிறகு கடலுக்கடியிலிருந்து அள்ளி எடுத்து விற்றார்கள்.

நீ இருக்கிறதும் கென்டில்தானே. பழைய நாணயக் கடைகளில் ஒருக்கால் விசாரித்துப் பார். கிடைத்தால் தைப்பொங்கலுக்கு வரும்போது ஒன்று கொண்டு வா, சல்லி நான் தாறன்.

அன்புடன்,
தயா
மட்டக்களப்பு