குடியை நிறுத்தவும் மன உளைச்சலுக்கும் இலவச உதவி

உறுப்பினர்களுக்கு வணக்கம். மன உளைச்சல், தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் எதுவானாலும் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416: 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கு 14446. நேரில் போவதானால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும்போதே "மனநலப் பிரிவு" என்று சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் கையில் இருக்கட்டும்.

முக்கியமான ஒன்று. பல வருடம் தினமும் அதிகம் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். அடுத்த 2 நாளில் கை நடுங்கி, இல்லாத பூச்சியைப் போர்வையிலிருந்து தட்டிக்கொண்டிருப்பார். அது பேய் அல்ல, உயிருக்கே ஆபத்து; உடனே 108. குடி நிறுத்தும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கவே கலக்காதீர்கள். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.